எண்ணெயை நிறுத்தியும் டிரைகிளிசரைடு ஏறுகிறதே, ஏன்?

கேள்வி: எனக்கு 46 வயது. கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்த வேலை. சைவம்; குடி, புகை கிடையாது. ஆறு மாதம் முன்பு டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு) 240 இருந்தது. அன்றோடு நெய், தேங்காய், வடை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். தோசைக்குக்கூட எண்ணெய் விடுவதில்லை. போன வாரம் பார்த்தால் 290! எச்டிஎல் என்கிற நல்ல கொழுப்பு 34, மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.1, ஸ்கேனில் ஃபேட்டி லிவர். மாத்திரை எதுவும் எடுக்கவில்லை. எண்ணெயே தொடாதவனுக்குக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது?

பதில்: சோற்றிலிருந்து வருகிறது. இட்லியிலிருந்தும், டீயில் போடும் சர்க்கரையிலிருந்தும்.

நீங்கள் எழுதி அனுப்பிய ஒருநாள் சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தேன். காலையில் ஐந்து இட்லி: சுமார் 50 கிராம் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்; சர்க்கரையும் இதில் சேரும்). மதியம் ஒரு ஆழாக்கு அரிசிச் சோறு: 115 கிராம். இரவு நான்கு சப்பாத்தி: 65. இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு மூன்று டீ: 30. கூடவே ரஸ்க்: 30. ராத்திரி ஒரு வாழைப்பழம்: 25. பருப்பு, காய், மோரையும் சேர்த்தால் 350 கிராமைத் தொடும். ஒரு கிராமுக்கு 4 கலோரி என்றால் 1,400 கலோரி. நீங்கள் ஒரு நாளில் சாப்பிடுவதே 1,850 அளவில்தான் இருக்கும். நான்கில் மூன்று பங்கு மாவுச்சத்து! எண்ணெயை நிறுத்தியதும் பசி எடுத்திருக்கும், ரஸ்க்கும் நான்காவது சப்பாத்தியும் அப்படித்தான் உள்ளே வந்திருக்கும் என்பது என் ஊகம்.

சாப்பிட்ட மாவு குளுக்கோஸாகி ரத்தத்துக்கு வருகிறது. அதைச் சேர்த்து வைக்க உடம்பில் இரண்டு குதிர்கள் உண்டு. ஒன்று ஈரல், சுமார் 100 கிராம் பிடிக்கும். இன்னொன்று தசை, ஏறக்குறைய 400 கிராம். வயலில் வேலை செய்பவருக்குத் தசைக்குதிர் தினமும் காலியாகும். கல்லாவில் இருப்பவருக்கு நேற்றைய நெல்லே அப்படியே கிடக்கும். மிச்சக் குளுக்கோஸை ஈரல் என்ன செய்யும்? கொழுப்பாக மாற்றும். அதில் ஒரு பகுதியை ரத்தத்தில் அனுப்புகிறது. அதுதான் ரிப்போர்ட்டில் வரும் டிரைகிளிசரைடு. அனுப்ப முடியாதது ஈரலிலேயே தங்கினால் ஃபேட்டி லிவர். டிரைகிளிசரைடு ஏற ஏற எச்டிஎல் இறங்குவதும் வழக்கம். உங்களுடைய நான்கு முடிவுகளும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன.

"என் தாத்தா மூன்று வேளையும் சோறு சாப்பிட்டே 90 வயது இருந்தார்" என்று அடுத்துக் கேட்பீர்கள். உண்மைதான். ஜப்பானின் ஒகினாவா தீவில் அந்தக் காலத்து மக்கள் சர்க்கரைவள்ளிக் கிழங்கைத்தான் முக்கிய உணவாகச் சாப்பிட்டு நீண்ட நாள் வாழ்ந்தார்கள். ஆனால் அளவாகச் சாப்பிட்டார்கள், நாள் முழுக்க உழைத்தார்கள். மாவுச்சத்தை விஷம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆய்வுகளும் நடுவழியைத்தான் காட்டுகின்றன. 2018-ல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் வந்த ஆய்வில், கலோரியில் 50 முதல் 55 சதவீதம் மாவுச்சத்திலிருந்து பெற்றவர்களிடம்தான் இறப்பு விகிதம் மிகக் குறைவு. அதற்கு மேலும் கீழும் போனவர்களிடம் கூடுதல். இது சேர்ந்து வருவதைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிரூபிக்கவில்லை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி, தானியத்திலிருந்து வரும் கலோரி 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது.

சரி, தட்டில் என்ன மாற்றுவது? முதலில் டீ. சர்க்கரையையும் ரஸ்க்கையும் விட்டாலே ஒரு நாளைக்கு 60 கிராம் போய்விடும்.

மதியச் சாப்பாட்டில்தான் உண்மையான வேலை இருக்கிறது. நம் பந்தி முறையே சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை சோறு வாங்குவதுதான். சாம்பாரோடு சோற்றை நிறுத்திக்கொள்ளுங்கள். ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடியுங்கள், மோரையும் அப்படியே. சோற்றில் கை வைப்பதற்கு முன் கூட்டையும் பொரியலையும் சாப்பிட்டு முடியுங்கள். இந்த வரிசையில் சாப்பிட்டால் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது. உருளைக்கிழங்கு பொரியல் இந்தக் கணக்கில் சேராது, அது சோற்றுக்குத் தம்பி.

காலையில் மூன்று இட்லி, சாம்பார் மட்டும் கெட்டியாக. வாரத்தில் மூன்று நாள் இட்லிக்குப் பதில் பருப்பு தூக்கலாக அரைத்த அடை அல்லது பாசிப்பயறு தோசை. மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். இரவு இரண்டு சப்பாத்தி, கூடவே பருப்போ பனீரோ.

எண்ணெயைத் திரும்பக் கொண்டு வாருங்கள். நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ, ஒரு நாளைக்கு நான்கு டீஸ்பூன் வரை. வனஸ்பதியும், பொரித்த எண்ணெயைத் திரும்பக் காய்ச்சுவதும் வேண்டாம்.

அரிசிக்குப் பதில் சிறுதானியம் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். கேழ்வரகில் நார் அதிகம், நல்லதுதான். ஆனால் அதிலும் மாவுச்சத்து 100 கிராமுக்கு 65-க்கு மேல். மாவாக்கிக் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை சோற்றைப் போலவே சட்டென்று ஏறலாம். தானியத்தை மாற்றுவதைவிட அளவைக் குறைப்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

சாப்பிட்ட பிறகு பதினைந்து நிமிடம் கடைத்தெருவில் நடங்கள். தசைக்குதிரில் இடம் பிறக்க வேறு வழி இல்லை.

மற்ற வாசகர்களுக்கு ஒன்று. சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமெபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரெனக் குறைத்தால் தாழ்சர்க்கரையில் மயங்கி விழ வாய்ப்புண்டு. டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் பேலியோ மாதிரி மாவுச்சத்தே இல்லாத உணவுக்குப் போவது ஆபத்து. மருத்துவரிடம் பேசி, மருந்தின் அளவைச் சரிசெய்த பிறகே தொடங்குங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பருப்பையும் பனீரையும் கூட்டும் முன்பும் கேட்க வேண்டும்.

நீங்கள் தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது குறைவாகச் சுரந்தாலும் டிரைகிளிசரைடு ஏறும். எப்போதாவது 500-ஐத் தாண்டினால் உணவை மட்டும் நம்பி இருக்க வேண்டாம், கணையம் வீங்கக்கூடும். உடனே மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி மூன்று மாதம் கழித்து, 12 மணி நேரம் வெறும் வயிற்றில் மறுபடி பரிசோதியுங்கள். முந்தின நாள் ராத்திரி கல்யாண விருந்து இருந்தால் தேதியைத் தள்ளிப் போடுங்கள்.