நாணயம் அறிவோம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 10 ரூபாய் நாணயத்தில் கதிர்போன்ற கோடுகள் 15 இருந்தால் அது போலி என்று எங்கள் ஊர்க் கடைகளில் வாங்க மறுக்கிறார்கள். உண்மையா, ஐயா?
– வாசகி ஒருவர், கொடைக்கானல்

பதில்: உண்மையில்லை, அம்மா. ரூபாய்க் குறியீடு 2010-இல் ஏற்கப்பட்டு, 2011 முதல் நாணயங்களில் இடம்பெற்றது. அப்போது வந்த புதிய வடிவத்தில் கோடுகள் பத்தாகக் குறைந்தன. பதினைந்து கோடுகள் உள்ளவை அதற்கு முந்தையவை. அப்போது புழக்கத்தில் இருந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவாக அறிவித்தது. அரசு அறிவித்துச் செய்யும் இத்தகைய மாற்றம் வேறு, அச்சு மாறுவதால் நேரும் வேறுபாடு வேறு. அடுத்த வாசகர் கேட்டிருப்பது இரண்டாவதைப் பற்றி.

கேள்வி: தேநீர்க் கடை நடத்துகிறேன். கல்லாவில் சேரும் ஒரு ரூபாய் நாணயங்களில் ஒரே ஆண்டும் ஒரே வைர வடிவக் குறியும் உள்ள சிலவற்றைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். சிலவற்றில் எழுத்துகள் தடித்தும், சிலவற்றில் ஆண்டின் எண்கள் விளிம்புக்குச் சற்று நெருங்கியும் காணப்படுகின்றன. இவை தனி வகைகளா? எப்படி ஆராய்வது?
– வாசகர் ஒருவர், கோத்தகிரி

பதில்: ஆண்டோடு குறியையும் பார்த்துப் பிரித்திருப்பதே சரியான தொடக்கம். நாணயம் எந்த ஊர் நாணயச்சாலையில் அடிக்கப்பட்டது என்பதை அக்குறி காட்டும்: வைரம் மும்பை, நட்சத்திரம் ஐதராபாத், வட்டப்புள்ளி நொய்டா, குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா என்பது பொது வழக்கம்.

நீங்கள் சொன்ன இரண்டு வேறுபாடுகளுக்கும் காரணம் ஒன்றல்ல. நாணயத்தின் உருவம் முதலில் ஒரு மூல அச்சில் அமைகிறது. அதிலிருந்து அழுத்தி எடுக்கப்படும் பல எஃகு அச்சுகள்தாம் இயந்திரத்தில் பொருத்தப்படுகின்றன. இலட்சக்கணக்கான அடிகளில் அச்சு தேய்கிறது. அப்போது எழுத்துகள் தடித்து, ஓரங்கள் விளிம்பை நோக்கி மங்குகின்றன. தேய்ந்த அச்சை மெருகிட்டு மீண்டும் பயன்படுத்தினால் மெல்லிய கோடுகள் மறையும். அச்சின் பள்ளத்தில் மசகு அடைத்துக்கொண்டால் ஓர் எழுத்தே காணாமற்போகும். இவையெல்லாம் ஒரே அச்சின் வாழ்வில் நேர்பவை என்பதால் இவற்றைத் தனி வகை என்று நான் ஏற்பதில்லை. ஆனால் இக்காலத்தில் ஆண்டின் எண்களும் மூல அச்சிலேயே அமைந்துவிடுவதால், அவை இடம் பெயர்ந்திருந்தால் மூல அச்சே வேறு என்று கருத இடமுண்டு. ஆகவே பருமனைவிட இடத்தையே நம்புங்கள்.

இடத்தை அளக்க எளிய வழி உண்டு. இரு நாணயங்களையும் ஒரே தொலைவில் படமெடுத்துப் பெரிதாக்கி, ஓர் எழுத்தின் முனையிலிருந்து, நாணயத்தில் பொறித்த தானியக் கதிர்மணியின் நுனிவரை அளவுகோலை வைத்துக் கோடு இழுத்து, அது ஆண்டின் எந்த எண்ணை எங்கே வெட்டுகிறது என்று ஒப்பிடுங்கள். இரண்டு நாணயங்களை மட்டும் வைத்து முடிவுக்கு வரவேண்டாம்; அதே வேறுபாடு அதே இடத்தில் ஐந்தாறு நாணயங்களிலாவது திரும்ப வந்தால்தான் அது அச்சினுடையது. கல்லாவில் நாள்தோறும் நாணயம் புரளும் உங்களுக்கு இது, ஆல்பம் வைத்திருக்கும் பலருக்கும் கிட்டாத வாய்ப்பு. கீறல் மேடாக இருந்தால் அச்சில் விழுந்தது, பள்ளமாக இருந்தால் நாணயத்தில் பின்னர் விழுந்தது என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள். மலையில் மூடுபனி சூழ்ந்த பகல் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவி இம்மேடுகளை மறைத்துவிடும். அறையை இருட்டாக்கி ஒரே விளக்கைத் தாழ்வாகச் சாய்த்து, பத்து மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடியில் பாருங்கள்.

பழைய அச்சு புதிய ஆண்டில் தவறிப் புகுவதும் உண்டு. பிரிட்டனின் இரண்டு பென்ஸ் நாணயத்தில் 1982-இல் ‘நியூ பென்ஸ்’ என்ற சொற்கள் ‘டூ பென்ஸ்’ என மாற்றப்பட்டன. ஆயினும் 1983-ஆம் ஆண்டுக்குரிய சில நாணயங்கள் பழைய சொற்களோடு வெளிவந்து, சேகரிப்போர் தேடும் பொருளாயின.

கேள்வி: பாட்டியின் பெட்டியில் 1911-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் ஒன்று கிடைத்தது. அரசரின் மார்பில் பன்றிபோல் ஏதோ தெரிகிறதே?
– வாசகர் ஒருவர், உதகமண்டலம்

பதில்: அது யானைதான். ஐந்தாம் ஜார்ஜ் அணிந்துள்ள பதக்கச் சங்கிலியில் உள்ள அந்த யானையின் துதிக்கை குட்டையாக அமைந்துவிட்டதால் மக்கள் அதைப் பன்றியென்று கருதி வெறுத்தனர்; ‘பன்றி ரூபாய்’ என்ற பெயரும் நிலைத்தது. வெளிவராதிருந்தவை உருக்கப்பட்டன, 1912-இல் திருத்திய அச்சு வந்தது. 1912-ஆம் ஆண்டு ரூபாயை அருகில் வைத்துப் பார்த்தால் துதிக்கை நீண்டிருப்பது விளங்கும். ஆனால் தயவுசெய்து அதைத் திருநீறோ புளியோ இட்டுத் தேய்க்காதீர்கள். முதலில் தேய்வது அந்தச் சிறு யானையாகத்தான் இருக்கும்.