முட்டையும் முருங்கைக்கீரையும் சேர்ந்த காலை உணவு ரத்தசோகைக்குப் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 34. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். காலை ஏழரை மணிக்குள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அண்மையில் ரத்தப் பரிசோதனை செய்ததில் ஹீமோகுளோபின் 9.6 என்று வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தந்த இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டியதோடு மலச்சிக்கலையும் கொடுத்ததால் நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாக, தினமும் முருங்கைக்கீரையில் இரண்டு முட்டை உடைத்து ஊற்றிப் பொரியல் செய்து, தோசையுடன் சாப்பிட்டுவிட்டு, கையோடு ஒரு டீயும் குடித்துக் கிளம்புகிறேன். கொலஸ்ட்ரால் உள்ள கணவருக்கு வெள்ளைக்கரு மட்டும்தான். இந்த உணவே எனக்குப் போதுமா? முட்டையும் கீரையும் சேர்ந்தால் உடம்புக்குச் சூடு என்று மாமியார் சொல்வது உண்மையா?

பதில்: உங்களுடைய காலை உணவு மிக நல்ல உணவு, அதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஆனால் அது மாத்திரைக்கு மாற்றாகாது என்பதை முதலிலேயே உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தாலே அது ரத்தசோகை. உங்களுடைய 9.6 என்பது உணவை மட்டும் வைத்துச் சரிசெய்யக்கூடிய நிலை அன்று.

கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். நூறு கிராம் முருங்கைக்கீரையில் இருக்கும் இரும்புச்சத்து சுமார் 4 முதல் 5 மில்லிகிராம். ஒருவருக்கான பொரியலில் நாம் போடும் இரண்டு கைப்பிடிக் கீரை ஐம்பது கிராம்கூடத் தேறாது. ஆகவே அதிலிருந்து கிடைப்பது 2 மில்லிகிராம், இரண்டு முட்டையிலிருந்து இன்னும் ஏறக்குறைய அதே அளவு. அதிலும் கீரையிலுள்ள இரும்பில் பெரும்பகுதி குடலில் உறிஞ்சப்படாமலே வெளியேறிவிடும். நீங்கள் நிறுத்திய அரசு மாத்திரை ஒன்றிலோ 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. குறைந்துபோன ரத்தத்தை ஈடுசெய்ய அந்த அளவு தேவைப்படுகிறது.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முட்டையின் மஞ்சள் கருவில் உள்ள பாஸ்விட்டின் என்னும் புரதம் இரும்பைப் பற்றிக்கொண்டு, அது உடலில் சேர்வதைக் குறைக்கிறது. உடனே குடிக்கும் டீயில் உள்ள துவர்ப்புப் பொருள்களும் அதையே செய்கின்றன. இதற்காக முட்டையை ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு முட்டையில் 6 கிராம் அளவுக்குத் தரமான புரதமும், ரத்த உற்பத்திக்கு இன்றியமையாத பி12 வைட்டமினும் இருக்கின்றன. கீரையில் இருக்கும், வைட்டமின் ஏ-ஆக மாறக்கூடிய கரோட்டின் உடலில் சேர்வதற்கு மஞ்சள் கருவின் கொழுப்பு துணைசெய்கிறது. மாற்ற வேண்டியது டீ குடிக்கும் நேரத்தைத்தான். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்து, கம்பெனியில் பத்து மணி இடைவேளையில் குடியுங்கள். காப்பிக்கும் இதே விதிதான்.

சமைக்கும் முறையிலும் சிறு மாற்றம் செய்யலாம். கீரையை முந்தின இரவே உருவித் துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால் காலையில் பதினைந்து நிமிடம் போதும். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, சின்ன வெங்காயம், பூண்டு தாளித்து, கழுவிய கீரையைப் போட்டு, கையளவு தண்ணீர் மட்டும் தெளித்து வதக்குங்கள். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டினால் ஃபோலேட்டும் வைட்டமின் சி-யும் அதோடு போய்விடும். கீரை சுருண்டு ஈரம் வற்றிய பிறகு உப்புப் போடுங்கள், முன்பே போட்டால் அளவு தெரியாமல் கரித்துவிடும். அடுத்து முட்டையை ஊற்றி, ஈரப்பசை தெரியாமல் உதிரியாக வரும்வரை கிளறுங்கள். அரைவேக்காட்டு முட்டையில் சால்மோனெல்லா கிருமி தங்கியிருக்க வாய்ப்பு உண்டு என்பதால் வீட்டில் பெரியவர்களும் குழந்தைகளும் இருந்தால் இதில் கண்டிப்பாக இருங்கள். அடுப்பை அணைத்து, சற்று ஆறியதும் அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள். வைட்டமின் சி வெப்பத்தில் அழியக்கூடியது. அதே சமயம் கீரையின் இரும்பை உடல் ஏற்கும்படி செய்வதில் அதற்கு இணையாக எளிதில் கிடைப்பது வேறில்லை. எலுமிச்சை பிடிக்காவிட்டால் சாப்பாட்டோடு பாதிக் கொய்யாப்பழம் சாப்பிடலாம்.

உங்கள் மாமியார் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனாலும் முட்டையும் கீரையும் சேர்வதால் உடலுக்குக் கெடுதல் என்பதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை.

கணவருடைய தட்டிலிருந்தும் மஞ்சள் கருவை எடுக்க வேண்டாம். ரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலே உற்பத்தி செய்கிறது. அதைக் கூட்டுவதில் முட்டையைவிட வனஸ்பதி, பாமாயில், திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் பொரித்த பண்டங்கள் ஆகியவற்றுக்கே பெரிய பங்கு உண்டு. அவருக்குச் சர்க்கரை நோயோ இதய நோயோ இல்லையென்றால் நாளொன்றுக்கு ஒரு முழு முட்டை சாப்பிடலாம். இருந்தால் அவருடைய மருத்துவரிடம் கேட்டு அளவை முடிவு செய்யுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம், வார்ஃபரின் போன்ற மாத்திரைகளை எடுப்பவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பதையும் மற்ற வாசகர்களுக்காகச் சேர்த்துச் சொல்கிறேன்.

இனி மாத்திரை. வயிற்றுப் புரட்டலும் மலச்சிக்கலும் பலருக்கும் வருவதுதான். மலம் கறுத்துப் போவதும் இயல்பே. அதற்காக நிறுத்தாமல், மருத்துவரிடம் சொல்லி ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கலாமா, வேறு வகை இரும்பு மருந்துக்கு மாறலாமா என்று கேளுங்கள். ஒரு நாள் இடைவெளி விடும்போது உடல் இரும்பை நன்றாகவே ஏற்கிறது, தொந்தரவும் குறைகிறது. மாத்திரையை முட்டை, பால், டீ இவற்றோடு சேர்க்காமல், மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்தோ இரவில் படுக்கும் முன்போ போடுங்கள். ஒரு மாதத்தில் மறுபடி பரிசோதித்தால் ஏற்றம் தெரிய வேண்டும். அளவு சரியான பிறகும் உடலின் இருப்பு நிரம்புவதற்கு இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டியிருக்கும்.

உங்கள் கடிதத்தில் மாதவிடாய் பற்றி ஒன்றும் எழுதவில்லை. உங்கள் வயதில் ரத்தசோகைக்கு முதன்மையான காரணம் அதிக உதிரப்போக்கே. ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ, கூச்சப்படாமல் மகப்பேறு மருத்துவரைப் பார்த்து ஸ்கேனும் தைராய்டு பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.