பிளக்-இன் ஹைபிரிட் கார் யாருக்குப் பொருந்தும்?

கேள்வி: டொரான்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வசிக்கிறேன். வேலைக்குச் சென்று திரும்ப நாள்தோறும் 50 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். மாதம் ஒரு முறை மாண்ட்ரியல் வரை செல்வதும் உண்டு. சாதாரண ஹைபிரிட் காருக்கும் பிளக்-இன் ஹைபிரிட் காருக்கும் என்ன வேறுபாடு? எனக்கு எது ஏற்றது?

பதில்: இரண்டிலுமே பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் உண்டு. வேறுபாடு பேட்டரியின் அளவிலும், அதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதிலும் இருக்கிறது. டொயோட்டா பிரியஸையே எடுத்துக்கொள்வோம். 2023இல் வந்த தலைமுறையில் சாதாரண பிரியஸின் பேட்டரி ஏறக்குறைய 1 கிலோவாட் மணி மின்சாரத்தையே கொள்ளும். எஞ்சின் உற்பத்தி செய்வதும், பிரேக்கை அழுத்தும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மீட்டுத் தருவதும்தான் அதற்கு வரவு. பிளக்-இன் பிரியஸின் பேட்டரியோ 13.6 கிலோவாட் மணி கொள்ளும். வீட்டு மின்சாரத்திலேயே அதைச் சார்ஜ் செய்துகொள்ளலாம். முழுச் சார்ஜில் அதன் அடிப்படை மாடல் 44 மைல், அதாவது சுமார் 70 கிலோமீட்டர், மின்சாரத்திலேயே ஓடும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு.

ஆகவே உங்கள் அன்றாடப் பயணத்தின் பெரும்பகுதி பெட்ரோல் இல்லாமலேயே முடிந்துவிடும். சிக்னலில் நிற்கும்போது எஞ்சினின் அதிர்வு இருக்காது. பச்சை விளக்கு எரிந்ததும் கார் ஓசையின்றி நகரும். நெரிசலில் ஊர்ந்து செல்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது ஓட்டிப் பார்த்தால்தான் புரியும்! சார்ஜ் தீர்ந்தாலும் வழியில் நிற்க வேண்டியதில்லை. பேட்டரியில் ஒரு சிறு பகுதியை இருப்பு வைத்துக்கொண்டு, அதன்பின் கார் சாதாரண ஹைபிரிட்டைப் போல ஓடத் தொடங்கும். மாண்ட்ரியல் செல்லும் நாளில், நெடுஞ்சாலையில் ஹைபிரிட் நிலையைத் தேர்ந்தெடுத்து, சேமித்த மின்சாரத்தை நகருக்குள் செலவிடுங்கள். மின்மோட்டாரின் சிக்கனம் மெதுவான, நின்று நின்று செல்லும் ஓட்டத்தில்தான் முழுமையாக வெளிப்படும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இரவுதோறும் சார்ஜ் செய்யாவிட்டால், கூடுதல் விலை கொடுத்து வாங்கிய கனமான பேட்டரியைச் சுமந்துகொண்டு பெட்ரோலில் ஓட்டுவதாகவே அது முடியும். ஐரோப்பாவில் சாலையில் ஓடும் பிளக்-இன் கார்கள் வெளியிடும் கரியமில வாயு, ஆய்வகச் சோதனை காட்டிய அளவைவிடச் சராசரியாக 3.5 மடங்கு என்று ஐரோப்பிய ஆணையம் 2024இல் அறிவித்தது. போதிய அளவு சார்ஜ் செய்யப்படாததே இதற்கு முக்கியக் காரணம். உங்கள் வீட்டின் 120 வோல்ட் சாக்கெட்டே போதும். பிரியஸ் முழுச் சார்ஜ் ஏற 11 மணி நேரம் ஆகும். 240 வோல்ட் இணைப்பு என்றால் 4 மணி நேரம். அடுக்ககத்தில் வசிப்பவராக இருந்து, கார் நிறுத்துமிடத்தில் சாக்கெட்டும் இல்லையென்றால், தயங்காமல் சாதாரண ஹைபிரிட்டையே வாங்குங்கள்.

கேள்வி: கடுங்குளிரில் இந்தக் கார் எப்படி?

பதில்: மின்சாரத்தில் ஓடும் தூரம் குறையும், சில மாடல்களில் காருக்குள் வெப்பம் தருவதற்காகவே எஞ்சின் இயங்கத் தொடங்கும். முன்கூட்டியே சூடாக்கும் வசதியுள்ள மாடல் என்றால், காலையில் புறப்படுவதற்குச் சற்று முன், சார்ஜர் இணைப்பில் இருக்கும்போதே காரின் உட்புறத்தைச் சூடாக்கிவிடுங்கள். அதற்கான மின்சாரத்தில் பெரும்பகுதி வீட்டு இணைப்பிலிருந்தே கிடைத்துவிடும் என்பதால், பேட்டரி பயணத்துக்கு மிஞ்சும்.