தொண்டையில் விரலை வைத்துப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

எம்.ஏ. ஆங்கிலம் முதலாண்டு படிக்கிறேன். மொழியியல் தாளைத் திறந்தாலே பயமாக இருக்கிறது. ஒலியன், உருபன், மாற்றொலி என்று வரையறைகளை மனப்பாடம் செய்கிறேன், மறுநாளே மறந்துவிடுகிறது. இலக்கியம் படிக்க வந்த எனக்கு இதெல்லாம் எதற்கு? எங்கிருந்து தொடங்குவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வரையறைகளைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். காதிலிருந்து தொடங்குங்கள்.

பூனைக்கான 'கேட்', நாய்க்கான 'டாக்', 'பஸ்' மூன்று ஆங்கிலச் சொற்களையும் பன்மையாக்குங்கள். எஸ் சேர்த்தால் போதும், பஸ்ஸுக்கு மட்டும் இ-யும் எஸ்ஸும் என்றுதான் பள்ளியில் படித்திருப்போம். இப்போது தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு, ஆங்கிலம் தாய்மொழியானவர் பேசும் ஒலிப்பதிவைக் கேட்டு அப்படியே சொல்லிப் பாருங்கள். பூனைகளின் கடைசியில் வெறும் சீறல், தொண்டை அதிராது. நாய்களின் கடைசியில் வண்டு ரீங்கரிப்பதுபோல் ஓர் அதிர்வு விரலில் தெரியும். பஸ் ஏற்கெனவே சீறலில் முடிவதால், நடுவே ஓர் உயிரொலி வந்து அப்புறம்தான் ரீங்காரம். 'பல' என்ற பொருளைத் தரும் இந்தச் சின்னத் துண்டுதான் உருபன். முன்னால் நிற்கும் ஒலிக்கு ஏற்ப அது மூன்று வடிவம் எடுக்கிறது.

1958இல் ஜீன் பெர்க்கோ என்ற ஆய்வாளர் சின்னக் குழந்தைகளிடம் பறவை மாதிரி ஒரு படத்தைக் காட்டி, இது 'வக்' என்றார். அப்படியொரு சொல் ஆங்கிலத்தில் இல்லை. அடுத்து இரண்டைக் காட்டி, "இப்போது இரண்டு..." என்று நிறுத்தினார். பெரும்பாலான குழந்தைகள் ரீங்காரத்தோடு சரியாக முடித்தார்கள். அதுவரை காதில் விழாத சொல்லுக்குப் பன்மையை யார் சொல்லிக் கொடுத்திருக்க முடியும்? விதி அவர்களுக்குள்ளேயே இருந்திருக்கிறது. எனக்கு இன்றைக்கும் சிலிர்ப்பு தரும் இடம் இது.

மாற்றொலிக்குத் தமிழே போதும். கல், பகல், சங்கு என்று சொல்லுங்கள். ககரம் மூன்று இடத்திலும் வேறு வேறாக ஒலிக்கிறது, நம் காது ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் மேலங்கியும் வெள்ளாடும் முதல் ஒலியில்தான் வேறுபடுகின்றன. தமிழில் எழுதினால் இரண்டுமே 'கோட்'. அங்கே அந்த இரண்டு முதல் ஒலிகளும் சொல்லின் பொருளையே மாற்றுவதால் இரண்டு ஒலியன்கள். நமக்கு ஒரே ஒலியன் இடத்துக்கு ஏற்ப எடுக்கும் வடிவங்கள், அதாவது மாற்றொலிகள்.

சரி, இலக்கியத்துக்கு எதற்கு? ஷேக்ஸ்பியரின் 116ஆம் சானெட்டில் (பதினான்கு அடிப் பாடல்) கடைசி இரண்டு அடி மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். 'ப்ரூவ்டு' என்று ஓரடியும் 'லவ்டு' என்று மறு அடியும் முடியும். இன்றைய உச்சரிப்பில் இயைபு சேராது. கவிஞர் தவறவில்லை, உச்சரிப்புதான் மாறிவிட்டது. வீரனைக் குறிக்கும் 'நைட்' சொல்லின் முதலில் நிற்கும் கே-யும், 1476இல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் வைத்த காலத்தில் ஒலித்த எழுத்துதான். பேச்சில் உதிர்ந்துபோனது, அச்சில் தங்கிவிட்டது.

அடுத்து இறந்தகாலத்துக்கு வாருங்கள். 'வாக்', 'ப்ளே', 'வான்ட்' மூன்றோடும் இ-யும் டி-யும் சேர்த்துச் சொல்லுங்கள், விரல் தொண்டையிலேயே இருக்கட்டும். கடைசி ஒலி எதில் எப்படி வருகிறது, ஏன் என்று எழுதி அனுப்புங்கள்.