பைக்ல வர்ற ‘டாக் மிக்ஸை’ ரோட்வீலருக்குப் பச்சையா போடலாமா?

கேள்வி: சார், எங்க ரோட்வீலருக்கு 8 மாசம், 34 கிலோ இருக்கான். ஒருத்தர் வாரம் ரெண்டு தடவை பைக்ல வந்து ‘டாக் மிக்ஸ்’னு அரைச்ச கறி தர்றார். கோழித்தலை, கோழிக்கால், ஆட்டு ஈரல், நுரையீரல் எல்லாம் இருக்காம். கூடவே மாட்டுத் தொடை எலும்பு ஒண்ணு ஃப்ரீ. பச்சையா போட்டாத்தான் சத்து, வேகவெச்சா போயிடும்ங்கிறார். மூணு வாரமா போடுறோம், நல்லாத்தான் சாப்பிடுறான். ஆனா வீட்ல 4 வயசுல பொண்ணு இருக்கா, நாள் பூரா அவன் மேலயே தான் கிடப்பா. அதான் பயமா இருக்கு. (திண்டுக்கல் வாசகர்)

பதில்: அந்த மிக்ஸை இன்னைக்கே நிறுத்திடுங்க சார். பச்சையா போடலாமா வேணாமாங்கிறது ரெண்டாவது பேச்சு. முதல் பேச்சு, அந்தக் கவருக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. அரைச்சுக் கொடுக்கிறதே நீங்க பார்த்துடக் கூடாதுன்னுதான், நாய் மெல்ல கஷ்டப்படும்னு எல்லாம் இல்ல. 34 கிலோ ரோட்வீலருக்கு எதுக்குங்க அரைச்சுக் கொடுக்கணும்?

ஆட்டுக்கறிக் கடையில கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. ஈரலையோ நுரையீரலையோ அறுக்கும்போது வெள்ளையா, உள்ளே தண்ணி நிறைஞ்ச கட்டி ஒண்ணு வந்துச்சுன்னா அதை மட்டும் வெட்டிக் கீழே எறிவாங்க, கீழே ஒரு நாய் ரெடியா நிக்கும். அந்தத் தண்ணிக்கட்டிதான் விஷயமே. அது ஒரு நாடாப்புழுவோட குஞ்சுப் பருவம், ஒரு கட்டிக்குள்ள ஆயிரக்கணக்குல இருக்கும். நாய் அதைத் தின்னா குடல்ல போய் பெரிய புழுவாகும், பெரிய புழுன்னாலும் அரிசி சைஸ்கூட இருக்காது, மலத்துல தேடினாலும் கண்ணுக்கு மாட்டாது, நாய்க்கும் ஒண்ணும் பண்ணாது, ஓடும் விளையாடும் முடி பளபளன்னு இருக்கும். ஆனா மலத்துல முட்டை வரும். அந்த முட்டை முடியில ஒட்டும், குழந்தை தடவிட்டு அதே கையால பிஸ்கட் தின்னும், அவ்வளவுதான், வருஷக்கணக்குல சத்தமில்லாம ஈரல்லயும் நுரையீரல்லயும் கட்டி வளரும். உங்க பயம் சரியான பயம்தான். ஆனா புழு பச்சைக்கறின்னு வர்றதில்ல, பச்சை ஈரல், பச்சை நுரையீரல்னுதான் வருது. கிடாவெட்டு, பக்ரீத் முடிஞ்சு மிஞ்சினதை எடுத்துட்டு வந்து போடுறவங்களும் இதைக் கேட்டுக்கோங்க.

இதெல்லாம் வெட்டுற இடத்துலயே பிடிபட வேண்டியது. 2001-ல வந்த மத்திய அரசு விதிப்படி இறைச்சிக்கூடத்துல ஒரு கால்நடை மருத்துவர் மணிக்கு 12 மிருகத்துக்கு மேல, நாளைக்கு 96-க்கு மேல பரிசோதிக்கக் கூடாது, அவசர அவசரமா பார்த்து விட்டுடக் கூடாதுன்னு. படிக்க நல்லாத்தான் இருக்கு. நம்ம ஊர்ல பாதி ஆடு கடைக்குப் பின்னாடி சாக்கடை ஓரத்துலதான் அறுபடுது, அங்க எந்த டாக்டர் போய் எண்ணிக்கிட்டு நிக்கிறது? கறியில சீல் குத்துற இறைச்சிக்கூடத்துலயும் கழிச்ச ஈரலைக் குழி தோண்டிப் புதைக்கிறதுக்கு ஆளும் இல்ல குழியும் இல்ல, சுவத்துக்கு அந்தப் பக்கம் விழும், அங்க இருந்துதான் பைக் கிளம்புது. எத்தனை தடவை எழுதிக் கொடுத்தாலும் ‘பார்க்கலாம் டாக்டர்’தான்.

கோழி மேட்டர் இன்னும் மோசம். பண்ணையில தானா செத்த கோழியும் இந்த மிக்ஸ்ல போகுது. முழுசா இருந்தா கண்டுபிடிச்சிடலாம், உயிரோட அறுத்த கோழியில ரத்தம் வடிஞ்சு கறி வெளிறி இருக்கும், செத்த கோழியில இறக்கை நரம்புல ரத்தம் அப்படியே தங்கி தோல் கருஞ்சிவப்பா, நீலம் பாரிச்ச மாதிரி தெரியும், கழுத்துல வெட்டும் இருக்காது. அரைச்சுட்டா எங்க போய் பார்ப்பீங்க? அழுகின கோழியில வர்ற நஞ்சு நாய்க்குப் பின்னங்காலை இழுத்துடும், அப்புறம் முன்னங்கால், அப்புறம் மூச்சு. எங்கிட்ட வந்த ஒரு ராஜபாளையத்தை வண்டி அடிச்சிடுச்சுன்னு நினைச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. உடம்புல ஒரு கீறல் இல்ல, விசாரிச்சா ரெண்டு நாளா சல்லிசா கிடைச்ச கோழி.

அந்த ஃப்ரீ எலும்பைத் திருப்பிக் கொடுத்துடுங்க. மாட்டுத் தொடை எலும்பு மாட்டையே தாங்குற எலும்பு, கடிச்சா மேல் கடைவாய்ப் பல்லு பட்டையா பிளந்துக்கும். நகத்தால அழுத்தினா கொஞ்சமாச்சும் பள்ளம் விழுற எலும்பு மட்டும் கொடுங்க. பிரியாணி எலும்பு எப்பவும் வேணாம், வெந்த எலும்பு ஊசி ஊசியா உடையும். பன்னி பச்சையா வேண்டவே வேணாம்.

சரி, வேகவெச்சா சத்து போயிடுமா? கொஞ்சம் வைட்டமின் போகும், கறி கறியாத்தான் இருக்கும். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு நான் சொல்ற பதில் வேகவெச்சுப் போடுங்கங்கிறதுதான். ஈரல், நுரையீரல்னா கொதி வந்த பிறகு அரை மணி நேரம், அதுவும் ஈரல் மொத்தச் சாப்பாட்டுல இருபதுல ஒரு பங்குக்கு மேல வேணாம்.

இல்ல சார், பச்சையாத்தான் போடுவேன்னு நின்னீங்கன்னா ஒரே ஒரு வழி இருக்கு, இதை மட்டும் நிதானமா படிங்க, ஏன்னா பாதியைக் கேட்டுட்டுப் போய் ‘டாக்டர் சொன்னாரு’ன்னு பண்றவங்கதான் அதிகம். நீங்களே கடைக்குப் போய், கண்ணு முன்னாடி வெட்டின தசைக்கறியோ இதயமோ முழுத்துண்டா வாங்கணும். இதயத்துலயும் கட்டி வரலாம், பொளந்து பாருங்க. அதை டீப் ஃப்ரீசர்ல மைனஸ் 18 டிகிரியில 10 நாள் வைக்கணும். டீப் ஃப்ரீசர்னா ஐஸ்கிரீம் கடையில இருக்கிற மாதிரி தனிப்பெட்டி. ஒத்தக்கதவு ஃப்ரிட்ஜ்ல மேல ஐஸ் கட்டுற அறை இருக்குமே, அது இல்ல, அதை நாளைக்கு இருபது தடவை திறப்போம், கரண்ட் வேற போகும். 10 நாள்னா கடைசியா வெச்ச துண்டுக்கு 10 நாள், முதல் துண்டுக்கு இல்ல. அப்படி உறைய வெச்சா நாடாப்புழு குஞ்சு சாகும். சால்மோனெல்லா மாதிரி பாக்டீரியா சாகாது, தூங்கும், கறி இளகினதும் எந்திரிச்சிடும். நாய் அதைத் தாங்கிட்டு மலத்துலயும் எச்சில்லயும் வெளியே விடும், குழந்தை தாங்காது. அதனால உறைய வெச்சாச்சு இனி கவலையில்லன்னு நினைக்காதீங்க, ஃப்ரிட்ஜ் அடித்தட்டுல மூடி வெச்சு இளக வைங்க, தனித் தட்டு, தனிக் கத்தி, மிச்சத்தை 20 நிமிஷத்துல எடுத்துக் கொட்டிடணும், தின்ன வாயோட பொண்ணு மூஞ்சியை நக்க விடக்கூடாது. இவ்வளவும் தினம் உங்களால ஆகுமா? ஆகாதுன்னா குக்கர்ல போடுங்க.

8 மாசக் குட்டிக்கு வெறும் கறி போட்டா கால் வளைஞ்சிடும், எலும்பில்லாத கறியில பாஸ்பரஸ்தான் இருக்கு, கால்சியம் பேருக்குத்தான். அதுக்குன்னு பெட் ஷாப்காரர் நீட்டுற கால்சியம் சிரப்பையும் ஊத்தாதீங்க, பெரிய ஜாதிக் குட்டிக்கு கால்சியம் ஜாஸ்தியானாலும் மூட்டு கெடும். பெரிய ஜாதிக் குட்டிக்குன்னு இருக்கிற பப்பி ஃபீட் முக்கால் பங்கு, வெந்த கறி கால் பங்கு, அது போதும். ஒரேயடியா மாத்தாம ஒரு வாரம், பத்து நாள்ல மாத்துங்க. ரெண்டு மூணு வேளையா பிரிச்சுப் போடுங்க, தின்னதும் ஓட விடாதீங்க, இந்த சைஸ் நாய்க்கு வயிறு முறுக்கிக்கும்.

இப்ப மூணு வாரம் போட்டதுக்கு என்ன பண்றது. நல்ல நேரத்துல கேட்டீங்க. அந்தப் புழு நாய்க்குள்ள போய் முட்டை போட ஆரம்பிக்க சுமாரா ஆறு வாரம் ஆகும், அதனால இந்த மிக்ஸ்ல தொத்தியிருந்தாக்கூட இன்னும் முட்டை வந்திருக்க வாய்ப்பு குறைவு. உங்க டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் எடை போட்டு, பிராசிகுவான்டெல் இருக்கிற மாத்திரை கொடுங்க. வெறும் பைரன்டெல் சிரப் இந்தப் புழுவுக்குக் கேக்காது, மெடிக்கல்ல ‘பூச்சி மருந்து’ன்னு பொதுவா கேட்டா அதைத்தான் எடுத்துக் கொடுப்பாங்க. வழக்கமா கிடைக்கிற மாத்திரை 10 கிலோவுக்கு ஒண்ணு, உங்காளுக்கு மூணரை வேணும், ஒண்ணு கொடுத்துட்டு முடிஞ்சதுன்னு இருக்காதீங்க. கொடுத்த மூணு நாளைக்கு மலத்தைக் கையுறை போட்டு அள்ளி எரிச்சுடுங்க, மருந்து புழுவைத்தான் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அந்த மூணு நாள் பொண்ணு பாட்டி வீட்ல இருந்தா நல்லது.