ஒரே பெயரில் வாங்கிய சால்வியா செடிகள் வெவ்வேறு விதமாகப் பூக்கின்றன. இவற்றை எப்படி இனங்காண்பது?

‘பிளாக் அண்ட் ப்ளூ’ என்ற பெயர்ச்சீட்டுடன் மூன்று சால்வியா செடிகளை வாங்கியதாகவும், ஒன்றில் கருநிறப் புல்லிவட்டத்துடன் (பூவின் அடியைத் தாங்கும் உறை) அடர்நீலப் பூக்களும், மற்றொன்றில் பச்சைப் புல்லிவட்டத்துடன் ஏறக்குறைய அதே நீலமும், மூன்றாவதில் ஊதாப் பூக்களும் வந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வருணனையை வைத்துப் பார்த்தால் முதல் செடிக்கு மட்டுமே அந்தப் பெயர் பொருந்துகிறது. இரண்டாவது ‘ப்ளூ எனிக்மா’ அல்லது அதை ஒத்த பச்சைப் புல்லி வடிவம். மூன்றாவது பெரும்பாலும் ‘அமிஸ்டாட்’ என்ற கலப்பினம்.

முதல் இரண்டும் சால்வியா குவாரனிட்டிகா என்ற ஒரே இனத்தைச் சேர்ந்தவை. பிரேசில், பராகுவே, உருகுவே, அர்ஜென்டினா ஆகிய நாடுகளில் இயற்கையாக வளரும் இந்த இனத்துக்கு, அந்நிலப்பகுதியின் குவாரனி மக்களின் பெயர் சூட்டப்பட்டது. துளசியும் புதினாவும் அடங்கிய குடும்பம் என்பதால் நாற்கோணத் தண்டும் எதிரெதிரான இலைகளும் எல்லா வடிவங்களுக்கும் பொதுவானவை. எனவே பூக்காத நிலையில், இலையை மட்டும் பார்த்து வடிவத்தைத் தீர்மானிக்க முயல்வது வீண் வேலை.

பார்க்க வேண்டிய முதல் உறுப்பு புல்லிவட்டம்தான். நன்கு விரிந்த ஒரு பூவை மெல்ல இழுத்துப் பாருங்கள். நீல அல்லிக்குழாய் தனியே கழன்று கையோடு வந்துவிடும், அதைத் தாங்கியிருந்த மணி வடிவப் புல்லிவட்டம் மட்டும் கதிரிலேயே நிற்கும். அல்லி உதிர்ந்த பிறகும் அது பல நாள்கள் நிறம் மாறாமல் இருப்பதால், பூ முடிந்த கதிரைக் கொண்டும் செடியை அடையாளம் காணலாம். ‘பிளாக் அண்ட் ப்ளூ’வில் அது கருநீலமும் கருப்பும் கலந்த நிறத்தில், வெயிலில் பார்த்தால் இலேசான ஊதாச் சாயலுடன் இருக்கும், ‘ப்ளூ எனிக்மா’வில் தெளிவான இளம்பச்சையாக இருக்கும். கருமைக்குக் காரணமான ஆந்தோசயனின் நிறமி வெளிச்சம் படும் இடத்தில்தான் நன்றாகத் திரளும் என்பதால், நிழலில் வளரும் செடியின் மொட்டுகளை வைத்து முடிவு செய்யாமல், வெயில் படும் பக்கத்தில் முதிர்ந்த கதிர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

புல்லிவட்டம் கருமையாக இருந்தால் அடுத்ததாகத் தண்டைக் கவனியுங்கள். ‘பிளாக் அண்ட் ப்ளூம்’ என்று பின்னர் வந்த ஒரு வடிவத்தில் கருமை புல்லிவட்டத்தோடு நிற்காமல் பூந்தண்டு நெடுகப் பரவியிருக்கும். பூவும் சற்றுப் பெரியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு உடனே தெரியும், ஆனால் ஒன்று மட்டும் கையில் இருக்கும்போது நிதானம் தேவை.

நீலத்தை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்வேன். புதிதாக விரிந்த பூவுக்கும் உதிரும் தறுவாயில் உள்ள பூவுக்கும் நிறம் ஒன்றாக இராது. கைபேசிக் கேமராவோ நீலத்தை ஊதாவாகவும் ஊதாவை நீலமாகவும் காட்டிவிடும். படத்தை மட்டும் அனுப்பி ‘இது எந்த வகை’ என்று கேட்பவர்களுக்குத் தவறான விடைகள் கிடைப்பதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். நிறமே போதுமான அடையாளமாக அமைவது ‘ஆர்ஜென்டைன் ஸ்கைஸ்’ என்ற வடிவத்தில்தான்; அதன் வெளிர்நீலம் மற்றவற்றோடு குழம்ப வழியில்லாதது.

ஊதாச் செடிக்கு வருகிறேன். ‘அமிஸ்டாட்’ வகையை அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரோலாண்டோ உரியா 2005இல் ஒரு செடிக் கண்காட்சியில் கண்டெடுத்து உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதன் புல்லிவட்டமும் கருமையே என்பதால், பூ விரிவதற்கு முன் அது ‘பிளாக் அண்ட் ப்ளூ’ போலவே தோற்றமளிக்கும். பெயர்ச்சீட்டு மாறிப்போனதற்கு இந்த ஒற்றுமை காரணமாக இருக்கலாம். ஊதாவில் ‘பர்ப்பிள் மெஜஸ்டி’ என்ற பழைய கலப்பினமும் உண்டு. 1977இல் கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் தாவரவியல் பூங்காவில் குவாரனிட்டிகாவையும் ஜெஸ்னெரிஃப்ளோரா என்ற மற்றொரு சால்வியா இனத்தையும் சேர்த்து உருவாக்கப்பட்டது அது. சில இடங்களில் ‘இண்டிகோ ஸ்பையர்ஸ்’ வகையையும் இவற்றோடு கலந்து விற்கிறார்கள், ஆனால் வளைந்து நெளியும் நீண்ட கதிரில் சிறு பூக்கள் நெருங்கியிருப்பதே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வளவு பார்த்தும் ஐயம் தீராவிட்டால், அந்தச் செடி விதையிலிருந்து வளர்க்கப்பட்டதா என்று விற்றவரிடம் கேளுங்கள். பெயர் சூட்டப்பட்ட வடிவங்கள் தாய்ச்செடியின் தண்டை வெட்டி நட்டோ வேர்த்தூரைப் பிரித்தோ பெருக்கப்படுபவை. விதைநாற்று தாயைப் போலவே அமையும் என்பதற்கு உறுதியில்லை, ஆகவே தாயின் பெயரை அதற்கு இடுவது முறையாகாது. பச்சைப் புல்லிவட்டம் கொண்ட உங்கள் இரண்டாவது செடி அப்படி வந்திருந்தால், ‘ப்ளூ எனிக்மா’ என்று எழுதுவதைவிட ‘சால்வியா குவாரனிட்டிகா, பச்சைப் புல்லி’ என்று மட்டும் எழுதி வைப்பதே நேர்மையானது என்பது என் துணிபு. மூன்றிலிருந்தும் தண்டு வெட்டி நடுவதாக இருந்தால், பூத்திருக்கும் இப்போதே ஒவ்வொரு தாய்ச்செடியிலும் தனித்தனிச் சீட்டைக் கட்டிவிடுங்கள். பூவில்லாத துண்டுகள் ஒருமுறை கலந்துவிட்டால், அவை மீண்டும் பூக்கும் வரை பிரித்தறிவது கடினம்.