எக்ஸ்ரேயில் நேரத்தை மெஷினே பார்த்துக்கொண்டால் டெக்னீஷியன் எதற்கு?

'பட்டனை அமுக்குற வேலைதானே' என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள், அதான் இந்தக் கேள்வி. இருபது வருடமாக நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மெஷின் பார்த்துக்கொள்கிறது, உண்மைதான். நோயாளிக்கும் படம் பதிகிற டிடெக்டருக்கும் நடுவில், கதிரை அளக்கும் மூன்று சேம்பர்கள் இருக்கும். உடம்பைத் தாண்டி வரும் கதிர் அதில் மின்னூட்டமாகச் சேரும். குறித்த அளவு சேர்ந்ததும் எக்ஸ்போஷர், அதாவது கதிர் பாய்வது, நின்றுவிடும். இதை ஏஇசி (ஆட்டோமேட்டிக் எக்ஸ்போஷர் கண்ட்ரோல்) என்போம். ஆனால் சேம்பர் மேல் நுரையீரல் இருக்கிறதா, இரும்பு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவருக்கு இடுப்பு எக்ஸ்ரே. மூட்டு மாற்று ஆபரேஷன் ஆனவர், அது எனக்குத் தெரியாது. நடு சேம்பரைப் போட்டு சுவிட்சை அழுத்தினேன். கண்மூடித் திறப்பதற்குள் முடிகிற பீப் சத்தம், நீண்டுகொண்டே போனது. கடைசியில், இவ்வளவு நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்று வைத்திருக்கும் பேக்கப் டைமர்தான் நிறுத்தியது. உலோகம் கதிரை மறைத்துவிட, சேம்பர் 'இன்னும் போதாது' என்று காத்திருந்திருக்கிறது. விரலை எடுத்திருந்தாலே நின்றிருக்கும், எனக்குத் தோன்றவில்லை.

படம் பளிச்சென்று வந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். பிலிமாக இருந்தால் கறுத்துப்போய்க் காட்டிக் கொடுத்திருக்கும். டிஜிட்டலில் டோஸ் கூடினால் படம் இன்னும் வழவழப்பாகத்தான் வரும். டிடெக்டருக்கு எவ்வளவு கதிர் வந்தது என்று காட்டும், ஓரத்தில் இருக்கும் எக்ஸ்போஷர் இண்டெக்ஸ் எண்ணைப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். டாக்டர் அதைப் பார்க்கவில்லை, "நல்ல படம்" என்றார்.

ஒரு படத்தால் அவருக்கு எதுவும் ஆகியிருக்காது என்று எனக்கும் தெரியும், அதைச் சொல்ல யாரும் கிளம்பி வர வேண்டாம். தேவையில்லாத கதிர் தேவையில்லாததுதானே?

இப்போதெல்லாம் உலோகம் இருந்தால் ஏஇசியை அணைத்துவிட்டு எம்ஏஎஸ்ஸை நானே வைத்துவிடுவேன். எம்ஏ என்கிற மின்னோட்டத்தைச் செகண்டால் பெருக்கினால் எம்ஏஎஸ், எவ்வளவு கதிர் என்பது அதை வைத்துத்தான். மூச்சைப் பிடிக்கத் தெரியாத குழந்தை என்றாலும் கணக்கு என்னுடையதுதான்: 200 எம்ஏ, 0.1 செகண்டு போட்டாலும் 20 எம்ஏஎஸ். 400 எம்ஏ, 0.05 செகண்டு போட்டாலும் 20 எம்ஏஎஸ். டோஸ் மாறாது, ஆனால் இரண்டாவதில் குழந்தை அசைவதற்குப் பாதி நேரம்தான்.

அப்புறம் அந்தப் பெரியவருக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு. 'இடுப்பு எக்ஸ்ரே', அவ்வளவுதான் எழுதியிருந்தது. ஆபரேஷன் ஆனவர் என்று ஒரு வார்த்தை சேர்த்தால் பேனா மை தீர்ந்துவிடுமா? இன்றைக்கும் அப்படித்தான் வருகிறது. அதனால் டேபிளில் படுக்க வைப்பதற்கு முன்னால் நானே கேட்டுவிடுகிறேன், "உள்ளே கம்பி, பிளேட் ஏதாவது வெச்சிருக்காங்களா ஐயா?"